பிள்ளைங்களுக்கு என்ன கதைப் புத்தகம் குடுக்கலாம்? உங்க கேள்விகளுக்கு என் பதில்

ஸ்கூல் லீவு வந்தாலே வர்ற கேள்விங்க இதுதான், பினாங்குல இருந்தும் கோலாலம்பூர்ல (கேஎல்) இருந்தும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன். பள்ளி நூலகத்துல பிள்ளைங்க கூடவே இருக்கிறவ நான், எதை கீழ வைக்காம படிக்கிறாங்க எதை ரெண்டாவது பக்கத்துலயே மூடிடறாங்கன்னு பாத்துதான் சொல்றேன்.

டீச்சர், மக தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு. எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறா, ஒரு பக்கம் முடியறதுக்குள்ள அழுகை வந்துருது. என்ன வாங்கறது? (பிரிக்பீல்ட்ஸ்)

இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்கம்மா. பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட் இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, தமிழ்க் கதைங்க இலவசமா படிக்கலாம், டவுன்லோடும் பண்ணலாம். லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சிருக்காங்க. ரெண்டாம் ஆண்டுதானேன்னு லெவல் 2க்கு போயிடாதீங்க, லெவல் 1லயே இருங்க, படம் பெருசு, வரி கம்மி. முதல்ல நீங்க படிச்சு காட்டுங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க, கொஞ்ச நாள்ல நான் படிக்கிறேன்னு அவளே வாங்கிக்குவா. தப்பா படிச்சா உடனே திருத்தாதீங்க, அர்த்தமே மாறிப்போற இடத்துல மட்டும் நிறுத்துங்க போதும். கையில வச்சு பாக்க புத்தகமே வேணும்னா சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து வர்ற படக்கதைங்க போடறாங்க, தமிழ் படிக்க வராத அப்பாவும் பக்கத்துல உக்காந்துக்கலாம்.

மகனுக்கு அஞ்சாம் ஆண்டு, கேம் தவிர வேற எதுவும் கிடையாது. புக்கை கண்டாலே ஓடறான். (பாயான் லெப்பாஸ்)

காமிக்ஸ் குடுங்க சார். காமிக்ஸ் எல்லாம் ஒரு படிப்பான்னு கேக்கற அப்பாங்க நிறைய பேர் இருக்காங்க, நான் அதை ஒத்துக்கவே மாட்டேன், படத்தையும் வரியையும் சேர்த்து புரிஞ்சுக்கறதும் வாசிப்புதான். டேவ் பில்கியோட டாக் மேன்ல ஆரம்பிங்க, போலீஸ்காரர் உடம்பு, நாய் தலை, பையனுங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பில்கிக்கே சின்ன வயசுல டிஸ்லெக்சியாவும் (எழுத்து படிக்கறதுல சிரமம்) ஏடிஎச்டியும் (கவனம் ஒரு இடத்துல நிக்காதது) இருந்துச்சு, கிளாஸ்ல இருந்து வெளிய அனுப்பிட்டா வராந்தாவுல உக்காந்து காமிக்ஸ் வரைஞ்ச பிள்ளை அவர், இதை உங்க மகன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அடுத்தது நம்ம மலேசிய கார்ட்டூனிஸ்ட் லாட் வரைஞ்ச கம்போங் பாய், 1979ல வந்தது, பேராக் மாநிலத்து கம்பத்துல (கிராமத்துல) வளர்ற ஒரு பையனோட கதை, வரி கொஞ்சம்தான், ஒவ்வொரு படத்துலயும் பாக்க அவ்வளவு இருக்கு. தமிழ்ல வேணும்னா நம்ம நாட்டு எழுத்தாளர் கே. பாலமுருகனோட 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', மர்மம்னா இந்த வயசு பையனுங்க விடமாட்டாங்க. ஒண்ணு மட்டும், போனை புடுங்கிட்டு அந்தக் கையிலயே புக்கை நீட்டாதீங்க, அப்புறம் புக்குன்னாலே தண்டனைன்னு ஆயிடும்.

கதை முடிஞ்சதும் "இதுல என்ன நீதி?"ன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறான். (செந்தூல்)

கேக்காதீங்க. நிலாம்னு பள்ளியில இருக்கற வாசிப்புத் திட்டத்தோட பதிவுக்கு சுருக்கம், படிப்பினைன்னு எழுதி எழுதி பிள்ளைங்க ஏற்கனவே களைச்சுப் போயிருக்காங்க, வீட்டுலயும் அதே பரீட்சை வச்சா கதைன்னாலே பாடம்னு ஆயிடுது. உங்களுக்கு எந்த இடம் பிடிச்சதுன்னு நீங்க முதல்ல சொல்லுங்க, அவன் தானா பேசுவான். பேசலைன்னாலும் பரவால்ல, கதை உள்ள போயிருக்கு.

பேத்திக்கு மூணாம் ஆண்டு, பேய்க் கதைதான் வேணும்ங்கறா. குடுக்கலாமா? (பட்டர்வொர்த்)

தாராளமா குடுக்கலாம் பாட்டி. பக்கத்துல பெரியவங்க இருக்கறப்ப வர்ற பயம் பிள்ளைங்களுக்கு பிடிக்கும். விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை நீங்களே சொல்லுங்க, ஒவ்வொரு கதை முடிவுலயும் வேதாளம் கேள்வி கேக்கும்ல, அங்க நிறுத்தி பேத்தியை பதில் சொல்ல விடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இரா. நடராசனோட 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' குடுங்க, 2014ல பால சாகித்ய புரஸ்கார், அதாவது இந்தியாவோட சாகித்ய அகாதமி சிறுவர் இலக்கியத்துக்கு குடுக்கற விருது வாங்கினது. தூக்கத்துல பயந்தா மட்டும் கதை நேரத்தை சாயங்காலத்துக்கு மாத்திடுங்க.

பத்து வயசு மக, இங்கிலீஷ் புக் மலை மாதிரி முடிச்சுட்டா. தமிழ்ல குடுத்தா "இது சின்னப் பிள்ளைங்களுக்கு"ங்கறா. (ஜெலுத்தோங்)

அவ சொல்றது சரிதான், எட்டு வயசுக்கு எழுதினதை பத்து வயசுக்காரிகிட்ட குடுத்தா அப்படித்தான் சொல்லுவா, நாவல் குடுங்க. உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை', 2023ல பால சாகித்ய புரஸ்கார், கீழடியை வச்சு எழுதின கதை, படிச்சுட்டு கீழடி எங்க இருக்குன்னு கேப்பா, மேப்பை எடுத்து வச்சுக்கங்க.

அடுத்தது டோட்டோ-சான். இது ஜப்பான்ல டெட்சுகோ குரோயாநாகி தன்னோட சின்ன வயசைப் பத்தி 1981ல எழுதினது, உண்மைக் கதைதான், ஆனா நாவல் மாதிரியே ஓடும், தமிழ்ல நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கு. அவங்க படிச்ச பள்ளியில ரயில் பெட்டிதான் கிளாஸ்ரூம், மதிய சாப்பாட்டுல கடல்ல கிடைக்கறது கொஞ்சம் மலையில கிடைக்கறது கொஞ்சம் இருக்கணும்னு சொல்ற ஹெட்மாஸ்டர், புதுசா வந்த பிள்ளை பேசறதை மணிக்கணக்கா உக்காந்து கேக்கறார், இதைப் படிக்கறப்ப எங்க பிள்ளைங்க முகத்தை நீங்க பாக்கணும், அப்படி ஒரு ஆசை. ஆனா அதுல போலியோ வந்த ஒரு நண்பன் இறந்து போறான், கடைசியில குண்டு விழுந்து பள்ளிக்கூடம் எரியுது. அந்தப் பக்கங்களை மட்டும் அவளைத் தனியா படிக்க விடாதீங்க, கூட உக்காருங்க.

மக தேசியப் பள்ளியில (மலாய்ல பாடம் நடக்கற பள்ளி) படிக்கிறா, தமிழ் பேசுவா, படிக்கத் தெரியாது. (செராஸ்)

காது இருக்கே! தினம் ராத்திரி ஒரு அத்தியாயம் நீங்க படிங்க, சுவாரஸ்யமான இடத்துல புக்கை மூடுங்க. மறுநாள் அவளே கேட்டு வருவா, எழுத்து கத்துக்க அதைவிட நல்ல காரணம் வேற இல்ல.

படிச்ச புக்கையே திரும்பத் திரும்ப படிக்கிறான்.

படிக்கட்டும். விடுங்க.

புக் விலையெல்லாம் கட்டுப்படியாகல டீச்சர்.

பினாங்குல சௌராஸ்தா மார்க்கெட் மாடிக்கு போங்க, பழைய புத்தகக் கடைங்க இருக்கு, இங்கிலீஷ் மலாய் கதைங்க கிடைக்கும், விலை பேசியும் வாங்கலாம். கேஎல்ல டத்தாரான் மெர்டேக்கா பக்கத்துல கோலாலம்பூர் நூலகம் இருக்கு, பிள்ளைங்களை கூட்டிட்டு போய் அவங்க கையாலயே எடுக்க விடுங்க. தமிழ்ப் புத்தகத்துக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஆளுக்கு ரெண்டு வாங்கி மாத்திக்கங்க, எங்க பிள்ளைங்க வீடுங்கள்ல இப்படித்தான் நடக்குது, யார் வீட்டுல எந்த புக் இருக்குன்னு வாட்ஸ்அப்ல போட்டு வச்சுக்கறாங்க.