வாசகர் கேள்வி-பதில்: முகிலுக்குள் நுழைந்த சிறு விமானம்

கேள்வி: 1959இல் அமெரிக்காவில் பாடகர்கள் மூவரைப் பலிகொண்ட சிறு விமான விபத்தைப் பற்றி அண்மையில் வாசித்தேன். பனி பெய்த இரவில் விழுந்த அந்த விமானத்தின் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இருக்கவில்லையாம். பழுதில்லாத விமானம் ஏன் விழுகிறது? மட்டக்களப்பிலிருந்து மாரி காலத்தில் சிறு விமானத்தில் போக அஞ்ச வேண்டுமா?
– வாசகி ஒருவர், கல்லடி

பதில்: மோசமான வானிலையில் சிறு விமானம் விழுந்தால், காற்றோ மின்னலோ அதை முறித்துப் போட்டது என்றே நாம் எண்ணுகிறோம். பல விபத்துகளில் நடப்பது வேறு. விமானம் நல்ல நிலையில்தான் இருக்கும். முகிலுக்குள் நுழைந்த விமானிக்குத் தமது விமானம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பது தெரியாமற் போய்விடும்.

உடலின் சமநிலையை மூளைக்கு அறிவிப்பவற்றுள் கண்களும் உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களும் முதன்மையானவை. அக்கால்வாய்களில் உள்ள திரவம் திருப்பம் தொடங்கும்போது அதை உணர்த்தும். ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிட, தான் நேராகவே செல்வதாக உடல் நம்பிவிடும். அடிவானம் தெரிந்தால் கண் அந்தப் பிழையைத் திருத்தும். முகிலுக்குள் கருவிகளைத் தவிர வேறு துணை இல்லை. உயரம் குறைவதைக் காணும் விமானி, சரிவை நிமிர்த்தாமல் விமானத்தின் மூக்கை மட்டும் மேலே இழுக்க, அது இன்னும் இறுகிய வட்டமாகச் சுழன்று இறங்கும். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பில், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதில், பயிற்சியில்லாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 செக்கன்கள், மூன்று நிமிடம்கூட இல்லை.

நீங்கள் வாசித்த விபத்தும் இவ்வாறானதே. பெப்ரவரி 3ஆம் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், அயோவா மாநிலத்தின் மேசன் சிற்றி விமான நிலையத்திலிருந்து அந்த பீச்கிராஃப்ட் பொனான்சா புறப்பட்டு, பத்துக் கிலோமீற்றர்கூடச் செல்லாமல் வயலில் விழுந்தது. அதிலிருந்த பாடகர்கள் மூவருள் பட்டி ஹொலிக்கு வயது 22, ரிச்சி வலன்ஸுக்கு 17. அவர்களுடன் இறந்த விமானிக்கு 21. கருவிப் பறப்புக்கான தகுதி அவருக்கு இருக்கவில்லை. மூக்கு மேலே எழுவதையும் கீழே தாழ்வதையும், அவர் பழகிய கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் கருவியொன்று அவ்விமானத்தில் பொருத்தப்பட்டிருந்தது. வழியில் வானிலை கெடுவதாக வெளியான இரண்டு அவசர எச்சரிக்கைகள் அவருக்குச் சொல்லப்படவே இல்லை. விசாரணையாளர்கள் பறப்பதென அவர் எடுத்த முடிவையே முதன்மைக் காரணமாகக் கொண்டாலும், வானிலைத் தகவல் வழங்கியதிலிருந்த பெருங்குறையையும் பதிவு செய்தார்கள். அந்த இளைஞர் மீது மட்டும் முழுப் பழியையும் சுமத்த என் மனம் ஒப்பவில்லை.

மட்டக்களப்பிலிருந்து பறக்க அஞ்ச வேண்டியதில்லை, அவசரப்படுத்தத்தான் கூடாது. திமிலைதீவில் உள்ள நமது விமான நிலையத்தைச் சுற்றி வாவியும் சமதரையுமே உள்ளன. ஆனால் கொழும்புக்கான நேர்வழியில் 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் முகில் அம்மலைகளின் கிழக்குச் சரிவில் முட்டிக் குவிவதால், முகிலுக்கும் மலைக்கும் இடையில் கண்பார்வையை நம்பிப் பறக்க இடமிருக்காது. ஒக்ரோபர், நவம்பர் பிற்பகல்களில் திரளும் இடிமுகில் இன்னும் கொடியது. அதை விலகிச் சுற்றிப் போக வேண்டுமே தவிர, ஊடறுத்துப் போக முயலக் கூடாது. முடிந்தால் அந்த மாதங்களில் காலைப் பயணத்தைத் தெரிவு செய்யுங்கள்.

விமானி “இன்று போக முடியாது” என்று சொன்னால், கொழும்பில் வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்தாலும் தயவுசெய்து வாதாடாதீர்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் தோணியைக் கரையேற்றிவிட்டு நிற்கும் நம் மீனவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

கேள்வி: சிறு விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டி இல்லை என்கிறார்களே, பிறகு எப்படிக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: சிதைவுகளே பேசும். சுழல்விசிறி வளைந்திருக்கும் விதம், மோதும்போது இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்ததா என்பதைக் காட்டும். 1959 விபத்தில் கருவி முட்கள் மோதிய நிலையிலேயே சிக்கி நின்றன: வேகமானி மணிக்கு 165 முதல் 170 மைல் வரை காட்டியது; இறக்கமானி நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கத்தைக் காட்டியது. விமானம் வலப்பக்கம் முற்றாகச் சரிந்த நிலையில் வேகமாக இறங்கியது என்பது இத்தகைய கருவிகளிலிருந்தே தெரிந்தது.

கேள்வி: இத்தகைய விசாரணைகளின் முடிவில் ஏன் எவரும் தண்டிக்கப்படுவதில்லை?
– அதே வாசகர்

பதில்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதாகும், பழி சுமத்துவது அதன் வேலையல்ல. தண்டனைக்கு அஞ்சித் தொழில்நுட்பவியலாளரும் கட்டுப்பாட்டாளரும் உண்மையை மறைத்தால், இறந்தவர்களின் குடும்பங்களுக்கே உண்மை கிடைக்காமற் போகும். குற்றச்செயல் ஏதும் இருந்தால், அதை நீதித்துறை தனியாக விசாரிக்கலாம்.