தங்கத்தை விடுங்கள், பஞ்சைப் பாருங்கள்

கேள்வி: உலகப் போர்க் காலத்து த்ரில்லர் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். "யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த கதையில் என்ன சஸ்பென்ஸ்?" என்று ஆபீஸ் நண்பர் கிண்டல் செய்கிறார். அவர் வாயை எப்படி அடைப்பது? உண்மையிலேயே ஆராய்ந்து எழுதியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: யார் ஜெயித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கதைக்குள் இருப்பவனுக்குத் தெரியாதே! த்ரில்லே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் லோக்கல் ஏறி சி.எஸ்.எம்.டி. போகும்போது மஸ்ஜித் ஸ்டேஷன் வருகிறதல்லவா? இடது பக்கம், கட்டடங்களுக்கு அப்பால் விக்டோரியா டாக் என்ற கப்பல்துறை இருந்த இடம். 1944 ஏப்ரல் 14 அன்று அங்கே நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். மதியம் இரண்டு மணி வாக்கில் புகை தெரிந்தது. 4:06-க்கு வெடித்தது. அரை மணிக்குள் இன்னொரு வெடி. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் பலி. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள்.

சுமாரான எழுத்தாளர் உடனே தங்கத்தின் பின்னால் ஓடுவார்; ஒரு கொள்ளைக் கும்பல், ஒரு அழகி, முடிந்தது கதை. விஷயம் தெரிந்தவர் பஞ்சைப் பிடிப்பார். இறுக்கிக் கட்டிய பொதி உள்ளுக்குள்ளேயே கனியும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே இறங்காது. குழாயைப் பிடித்து நிற்பவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போயிருக்கும்! முடிவு தெரிந்தே படிக்கிற நமக்கல்லவா உள்ளங்கை வேர்க்கிறது?

இன்னொன்றும் உண்டு. ஜப்பான் பிடியிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே செய்தியை விவரமாகச் சொல்லிவிட்டது. இங்கே தணிக்கை, நிருபர்கள் செய்தி அனுப்ப மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் ஊரில் நடந்ததை எதிரியின் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒரு குமாஸ்தா போதும், நாவலின் பாதி தானாக நகரும்.

கண்டுபிடிக்கும் வழி அதுதான். அந்தத் தகவலை எடுத்துவிட்டால் பாத்திரம் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா? கொள்ளும் என்றால் ஆராய்ச்சி. துப்பாக்கியின் மாடல் நம்பர், மேஜரின் சட்டைப் பித்தான் என்று மூன்று பக்கம் ஓடினால், அது நூலகத்துக்குப் போய்வந்ததற்கு ரசீது. அந்த மாதிரிப் பக்கங்களை நான் கூசாமல் தாண்டிவிடுவேன். சரி, நீங்களும் தாண்டுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.