ரெஜெக்ஸுக்கு காலண்டர் தெரியாது தம்பி

கேள்வி: அண்ணே, ஆபீஸ் இன்வாய்ஸ் ரிப்போர்ட் எடுக்க பைத்தான்ல சின்னதா ஒரு டெர்மினல் டூல் எழுதிருக்கேன், தேதிய ரெஜெக்ஸ் (எழுத்தோட வடிவத்த பாக்குற பேட்டர்ன்) வச்சு செக் பண்றேன், ஆனா 2025-02-30னு போட்டாலும் உள்ள விட்டுடுது. என்ன பண்ணலாம்?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: விடத்தான் செய்யும். நாலு நம்பர், கோடு, ரெண்டு நம்பர் இருக்கான்னுதானே ரெஜெக்ஸ் பாக்குது. அதுக்காக லீப் வருஷ கணக்கெல்லாம் நீயே எழுத உக்காந்துடாத, 1900 லீப் இல்ல 2000 லீப்னு ஆயிரம் தொல்லை, பைத்தானோட டேட்டைம் மாடியூல்ல எழுத்த தேதியா மாத்துற ஸ்ட்ர்ப்டைம்கிட்ட (strptime) குடுத்தா பிப்ரவரி 30ஐ பாத்ததும் வேல்யூ எரர் தூக்கி போட்டுடும். அது 2025-3-4னு சைபர் இல்லாம அடிச்சாலும் ஏத்துக்கும், எனக்கு அது ஓகேதான், யூசர ஏன் வதைக்கணும்.

இத ஒரு பங்ஷனா எழுதி கமாண்ட்ல யூசர் அடிக்கிறத வாங்குற ஆர்க்பார்ஸ்ல (argparse) டைப்னு குடுத்துடு, தேதி தப்பா இருந்தா உள்ள ஆர்க்யுமென்ட் டைப் எரர் (ArgumentTypeError) ரைஸ் பண்ணி "வருஷம்-மாசம்-நாள் போடுங்க, உதாரணம் 2025-04-03"னு சொல்லு, வெறும் "தப்பு"ன்னா யாருக்கு என்ன புரியும்?

சாய்கோடு போட்ட தேதிய மட்டும் கண்டிப்பா வாங்காத. 03/04/2025னா நம்ம மலேசியால ஏப்ரல் 3, ஆனா லினக்ஸ்ல இருக்கிற ஜிஎன்யூ டேட் கமாண்ட் அத மார்ச் 4ன்னு எடுத்துக்கும், எரரும் வராது, கணக்கு மட்டும் கோணலாயிடும்.

ஆரம்ப தேதி முடிவு தேதிய தாண்டுதான்னும் பாத்துக்க. அப்புறம் "இன்னைக்கு"ன்னு டீஃபால்ட் வச்சிருந்தா, சர்வர் யூடிசில (UTC, உலகப் பொது நேரம்) ஓடுச்சுன்னா நம்ம டைம் 8 மணி நேரம் முன்னாடி, காலைல 8 மணிக்குள்ள ஓட்டினா நேத்து தேதிதான் வரும், பைத்தானோட நேர மண்டல மாடியூல் ஸோன்இன்ஃபோல (zoneinfo) ஏசியா/கோலாலம்பூர்னு (Asia/Kuala_Lumpur) போட்டு எடு.