ஹார்ட்விக் ஹால் மாளிகையில் ஏன் இத்தனை ஜன்னல்கள்?

1590-களில் கட்டிய வீட்டில் சுவரைவிடக் கண்ணாடி அதிகமாகத் தெரிகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் பணம். அன்றைய இங்கிலாந்தில் கண்ணாடி விலை உயர்ந்த பொருள். டெர்பிஷயரில் இதைக் கட்டிய பெஸ் (எலிசபெத் என்பதன் செல்லச் சுருக்கம்), நான்கு திருமணங்களுக்குப் பின் நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர். அது ஊருக்கே தெரியட்டும் என்று நினைத்தார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் ‘இ.எஸ்.’ (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) என்று தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் நிறுத்தினார்.

சரி, இவ்வளவு ஜன்னல் வைத்தால் சுவர் தாங்குமா? கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கணப்பு அடுப்புகளையும் புகைபோக்கிகளையும் வெளிச்சுவரில் வைக்காமல் உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார். அதனால் வெளிச்சுவரைப் பலவீனப்படுத்தாமலே பெரிய ஜன்னல்களைத் திறக்க முடிந்தது.

முகப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளத்தில் ஜன்னல்கள் சிறியவை. மேலே போகப் போக உயர்கின்றன, இரண்டாம் மாடியில் பிரம்மாண்டமாகிவிடுகின்றன. முக்கிய விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடம் அங்கேதான் இருக்கிறது. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள காட்சிக்கூடமும் அதே மாடியில்தான். கிட்டே போனால் ஒவ்வொரு ஜன்னலும் ஈயப் பட்டைகளால் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள்! பெரிய கண்ணாடித் தகடு அன்று கிடைக்காது.