தொப்புள்கொடி ரத்தத்தைப் பொது வங்கிக்குத் தர முடியுமா?

கேள்வி: நாங்கள் மன்னார்குடியில் வசிக்கிறோம். என் மனைவிக்கு இது 30ஆவது வாரம். தலைப்பிரசவம் என்பதால் கும்பகோணத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். வளைகாப்பு முடிந்த சில நாட்களில் ஒரு தனியார் வங்கியின் முகவர் வந்து, தொப்புள்கொடி ரத்தத்தைக் குழந்தையின் பெயரில் சேமித்து வைக்கும்படியும், பணத்தைத் தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார். எங்களுக்கு அதில் விருப்பமில்லை. எப்படியும் வீணாகப் போகும் ரத்தத்தைப் பொது வங்கிக்குக் கொடுத்தால் யாருக்காவது பயன்படுமே என்று எண்ணுகிறோம். இங்கிருந்து அது இயலுமா? குழந்தைக்குக் கெடுதல் ஏதும் இல்லையே?

பதில்: தானமாகக் கொடுக்கலாம் என்ற உங்கள் எண்ணம் சரியானது, ஆனால் அது நிறைவேறுமா என்பது உங்கள் விருப்பத்தைவிட, பிரசவம் நடக்கும் மருத்துவமனையைப் பொறுத்தது. குழந்தை பிறந்து, கொடியைக் கவ்வியிட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடியிலும் அதனுடன் ஒட்டிய கொடித் துண்டிலும் தங்கியிருக்கும் ரத்தத்தை, உறையாமல் இருக்க மருந்து சேர்த்த பையில் ஊசி வழியாக வடித்தெடுப்பார்கள். தாய்க்கோ குழந்தைக்கோ வலி இல்லை, சிசேரியனிலும் எடுக்கலாம். ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் அதில் இருப்பதால்தான் அதற்கு இத்தனை மதிப்பு. 1988இல் பாரிஸில், ஃபான்கோனி ரத்தசோகை என்னும் மரபுவழி நோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்திக் குணப்படுத்தியதே இவ்வகைச் சிகிச்சையின் தொடக்கம்.

முகவர் சொன்னதை நீங்கள் மறுத்ததில் தவறில்லை. குழந்தைக்குப் பிற்காலத்தில் தலசீமியா போன்ற மரபுவழி நோய் வெளிப்பட்டால், அதே பழுதுள்ள மரபணுதான் சேமித்த ரத்தத்திலும் இருக்கும். அதைத் திரும்பச் செலுத்திப் பயனில்லை. தன் குழந்தையின் எதிர்காலத் தேவைக்கென்று பணம் கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018இல் பொது வங்கி முறையையே ஆதரித்தது. நம் வீடுகளில் காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து வைக்கும் பழக்கம் உண்டல்லவா? அந்த நம்பிக்கையின் மீதுதான் இந்த விற்பனை நடக்கிறது என்பது என் கருத்து. தாயத்துக்காவது தவணை கிடையாது.

இனி உங்கள் முதல் கேள்வி. பொது வங்கியின் ஆய்வகம் சென்னையில் இருந்தாலும், அந்தத் தொலைவு ஒரு தடையே இல்லை. சேகரித்த பையை அறை வெப்பநிலையில், வெப்பம் தாக்காத பெட்டியில் வைத்து அனுப்பி, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும். கும்பகோணத்திலிருந்து இரவு கிளம்பும் பெட்டி மறுநாள் காலையில் சென்னையில் இருக்கும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒரு பொது வங்கியோடு ஒப்பந்தமும், அதற்கான பைகளும், பயிற்சி பெற்ற செவிலியரும் உள்ள மருத்துவமனையில் மட்டுமே பொதுத் தானத்துக்கு ரத்தம் எடுக்க இயலும். பரிசோதனை, பதப்படுத்துதல், மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் பாதுகாத்தல் ஆகிய செலவுகளைப் பொது வங்கியே ஏற்பதால், அது எல்லா ஊர்களிலும் சேகரிப்பு நடத்துவதில்லை. ஆகவே அடுத்த பரிசோதனையின்போதே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பல வங்கிகள் 34ஆவது வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லும். பணம் கேட்டால் அது தானம் அன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை இசைந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். குழந்தை பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஏறத்தாழ 80 மில்லி ரத்தம் குழந்தைக்குச் செல்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்கு ரத்தசோகை வராமல் காக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு காட்டியிருக்கும்போது, பையை நிரப்புவதற்காகக் கொடியை முன்கூட்டியே வெட்ட எந்தப் பெற்றோரும் இசையக் கூடாது. காத்திருந்தால் பையில் சேரும் அளவு குறையும், அணுக்கள் போதாமல் வங்கி அதை நிராகரிக்கவும் நேரும். நிராகரித்தால் நிராகரிக்கட்டும், முதல் உரிமை உங்கள் குழந்தைக்குத்தான்.

ஒப்புதல் படிவத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடித்திருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். இரத்த உறவுத் திருமணத்தில் மரபுவழி நோய்களின் வாய்ப்பு கூடுகிறது. தாயின் ரத்தத்தில் ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்கான சோதனையும் நடக்கும். கொடுத்த பிறகு அந்த ரத்தத்தின் மீது உங்களுக்கு உரிமை இராது, யாருக்குச் சென்றது என்பதும் தெரியவராது. பிற்காலத்தில் மூத்த பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவைப்படும் நோய் இருந்து, அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும் நிலை ஏற்பட்டால் மட்டும் கணக்கு வேறு. உடன்பிறந்தவருடன் திசு வகையில் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அப்போது குடும்பத்துக்கெனச் சேமிப்பதை நெறிமுறைகளே ஏற்கின்றன.

மருத்துவமனையில் வசதி இல்லை என்றால் வருந்த வேண்டாம். இதே ஸ்டெம் செல்களை நீங்களே கொடுக்கலாம். சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் 18 முதல் 50 வயது வரையுள்ள ஆரோக்கியமானவர்கள் பெயர் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். கொடையாளருக்கும் நோயாளிக்கும் இடையே வேண்டிய திசுப் பொருத்தம் வம்சாவளியைச் சார்ந்தது என்பதால், ஒரு தமிழ் நோயாளிக்குப் பொருந்துபவர் தமிழரிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். கொடையும் பெரும்பாலும் கையிலுள்ள ரத்தநாளம் வழியாகவே எடுக்கப்படுகிறது. பதிந்து பல ஆண்டுகள் கழித்தும் அழைப்பு வரக்கூடும். எனவே வீடோ கைப்பேசி எண்ணோ மாறினால் பதிவகத்துக்கு மறவாமல் தெரிவித்துவிடுங்கள்.