பட்டறைப் பதில்கள்: பக்கவாட்டில் சறுக்கும் பலகை

கேள்வி: எங்கள் பள்ளியில் பெண்கள் கபடி அணி இருக்கிறது. பக்கவாட்டில் சறுக்கிப் பயிற்சி செய்யும் பலகையை வீடியோவில் பார்த்தேன். வெளிநாட்டில் செய்தது விலை கட்டாது. நம் ஊர் தச்சரை வைத்தே செய்துகொள்ளலாமா? 12 வயதுப் பிள்ளைக்கும் 17 வயதுப் பிள்ளைக்கும் ஒரே பலகை போதுமா?
– உடற்கல்வி ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: செய்யலாமுங்க சார். ஆனால் நான் செய்த முதல் பலகையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறையில் ஆசைப்பட்டு ஒன்று செய்தேன். எட்டடிப் பலகை, மேலே மினுமினுக்கும் சன்மைக்கா, இரண்டு முனையிலும் சதுரமாக இழைத்த தேக்குக் கட்டை. பார்வைக்கு அரண்மனைச் சாமான் மாதிரி இருந்தது. என் மச்சான், “தள்ளுங்க மாமா, நான் பாக்கறேன்” என்று ஏறினார். மூன்றாவது சறுக்கலில் காலின் வெளி ஓரம் கட்டையில் முட்டி நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. கணுக்கால் மடங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார். என் தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். சறுக்குவதற்கு வழவழப்பு தேடித் தேடி அலைந்தேனே தவிர, நிற்கிற இடத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

இந்தப் பலகை ஐஸ் மேல் வேகமாகச் சறுக்குகிறவர்களுடைய பயிற்சிச் சாமான். பனி இல்லாத மாதங்களில் வீட்டுக்குள் பழக வைத்துக்கொண்டார்கள். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற எரிக் ஹைடனும் இதில் பழகியவர்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ரெய்டு போகிறவளும் கார்னரில் நிற்கிறவளும் பாதி நேரம் பக்கவாட்டில்தானே நகர்கிறார்கள்? மைதானத்தைச் சுற்றி ஓடுவதால் இடுப்பின் பக்கத் தசைக்கும் உள்தொடைக்கும் அவ்வளவாக வேலை கிடைப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரே பலகை போதும், ஒரே நீளம் போதாது. ஒரு முனைக் கட்டையைக் காலால் ஒரு தடவை உதைத்துவிட்டு மறுமுனை வரைக்கும் அந்த வேகத்திலேயே போய்ச் சேரவேண்டும். உராய்வு எண் 0.15 என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது: எட்டடியில் கால் ஏறக்குறைய 2 மீட்டர் சறுக்கும், அதற்கு நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் கிளம்பவேண்டும். மெல்ல ஓடுகிற வேகம். நாலடியில் சறுக்குவது 80 செண்டிமீட்டர்தான், 1.5 மீட்டர் வேகம் போதும், விறுவிறு நடை. சின்னப் பிள்ளையை எட்டடியில் ஏற்றினால் நடுவழியில் நின்று கால் அகன்று தொடை இடுக்கில் பிடித்துக்கொள்ளும். பெரிய பிள்ளை நாலடியில் முழு மூச்சாக உதைத்தால் மிச்ச வேகம் அத்தனையும் கட்டையில் போய் மோதும். அதனால் ஆளுக்கு ஏற்றபடி கட்டையை நகர்த்தி வைக்க முடியவேண்டும்.

எப்படி நகர்த்துவது? சறுக்குகிற பரப்பில் ஓட்டை போடக்கூடாது, ஷூவுக்கு மேல் போடும் உறை அதில் மாட்டிக்கொள்ளும். பலகையின் இரண்டு நீளப் பக்கத்திலும் எம்.எஸ். ஆங்கிளை, அதாவது ‘எல்’ வடிவ இரும்புப் பட்டையைத் திருகி, அதன் பக்கவாட்டில் 10 செண்டிமீட்டருக்கு ஒரு துளை போடுங்கள். ஆங்கிளின் விளிம்பு பலகையின் மட்டத்துக்கு மேலே துருத்தக்கூடாது. முனைக்கட்டை பலகையின் அகலத்தைக் கவ்விப் பிடித்தபடி இருக்க, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பின் அந்தத் துளைக்குள் விழவேண்டும். திருகி இறுக்குகிற கிளாம்ப் வேண்டாம், உதைக்க உதைக்க நகரும். பின் விழுந்ததா என்று தெரிய அதன் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுவேன். சிவப்பு வெளியே தெரிந்தால் யாரும் ஏறக்கூடாது.

கட்டையின் முகம் செங்குத்தாக இருக்கக்கூடாது, வெளிப்பக்கம் சாயவேண்டும். அப்போது பாதத்தின் வெளி ஓரம் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். மச்சானுக்கு மடங்கியது இதற்கு நேர் எதிர்ப்பக்கம், பாதம் உள்ளே திரும்பி. முகத்துக்குக் கெட்டி ரப்பர் ஒட்டிவிடுங்கள். உயரம் நான் 8 செண்டிமீட்டர் வைக்கிறேன். அதைவிடத் தணித்தால் ஷூ கட்டை மேல் ஏறித் தாண்டிவிடும்.

பலகைக்கு 18 மில்லி பிளைவுட் போதும். எட்டுக்கு நாலு ஷீட்டை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு பலகை. சன்மைக்காவும் அதே அளவில் கிடைக்கும். எடுத்து வைக்கச் சுலபம் என்று நடுவில் மடிக்கிற மாதிரி கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மடிப்பில் ஒரு நூல் மேடு இருந்தாலும் கால் அங்கே தட்டும். அடியில் முழு அகலத்துக்கும் ரப்பர் ஷீட். பவானி ஜமக்காளத்தின் மேல் பலகையைப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். பலகையும் சேர்ந்து சறுக்கியது.

ஷூவுக்கு மேல் போடும் உறையை நைலான் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளலாம், திருப்பூர்ப் பக்கம் யாராவது இருந்தால் ஒரு மதியத்து வேலை. பனியன் துணி வேண்டாம், வியர்வை பட்டால் இழுக்கும். முக்கியமான சங்கதி: உறையோடு தரையில் நடக்கக்கூடாது. பலகை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, உட்கார்ந்து மாட்டி, உட்கார்ந்தே கழற்றச் சொல்லுங்கள்.

முழுக்க வழுக்கினால் கூட உடம்பு பழகிக்கொள்ளும். ஒரு இடம் வழுக்கி ஒரு இடம் பிடித்தால்தான் விழுவார்கள். ஆடிக் காற்றில் நம் பக்கம் மண் எங்கேதான் வராது? ஒவ்வொரு பிள்ளை இறங்கியதும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைக்கவேண்டும், நெற்றியிலிருந்து விழுந்த ஒரு சொட்டு வியர்வையே போதும் காலைப் பிடித்து நிறுத்த. முதல் வாரம் எல்லாருக்கும் நாலடி, கபடி கேப்டனுக்கும் சேர்த்து.

கேள்வி: எனக்கு வயது 56. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. மகன் இந்தப் பலகையை வாங்கித் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: அம்மா, நான் இரும்பு அறுக்கிறவன். முழங்காலைப் பற்றிச் சொல்லவேண்டியது பிசியோதெரபிஸ்ட், முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மகனிடம் மூன்றடி அளவில் கட்டை நிறுத்தச் சொல்லுங்கள். எதிரே இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கவேண்டும். தனியாகக் கம்பி செய்யத் தேவையில்லை, சமையல்கட்டு மேடைக்கு முன்னாலேயே பலகையைப் போடலாம், அடுப்பு எரியாத நேரமாக. உறை ஒரு காலுக்கு மட்டும். மற்றக் காலைப் பலகைக்கு வெளியே தரையில் ஊன்றி, உறை போட்ட காலை மெல்லப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். இரண்டு காலும் சறுக்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: டைல்ஸ் தரையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சாக்ஸ் போட்டுச் சறுக்கினால் அதே பலன் கிடைக்காதா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, அந்த வீட்டில் உங்கள் அமுச்சியும் நடப்பார்கள் அல்லவா? கேரம் பவுடரும் வேண்டாம், அது பலகையை விட்டுத் தரைக்குப் போய்விடும். நூறு கேள்வி கேட்கிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். மீதிப் பாதி ஷீட் சுவரோரம்தான் சாத்தி வைத்திருக்கிறேன்.