தூக்கமில்லாத வீட்டில் காயம் ஏன் ஆறுவதில்லை?

கேள்வி: மாமியாருக்கு மறதி நோய். ராத்திரியில் பலமுறை எழுந்து கதவைத் திறக்கப் பார்க்கிறார். நானும் கூடவே எழுந்துவிடுவேன். கவாத்துக் கத்தி பட்ட கைக்காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை இல்லை. இப்போது எனக்கும் சாமான் வைத்த இடம் மறக்கிறது. எல்லாம் கவலையால்தான் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: கவலைக்கும் பங்கு உண்டு. அதற்காகக் காயத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள் அம்மா. உள்ளே மரச்சிம்பு தங்கியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா, ரத்தசோகை இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள்.

உங்கள் நிலையில் இருந்தவர்களை வைத்தே அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு ஆய்வு நடந்தது, 1995-இல் வெளியானது. மறதி நோயாளியைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் ஏற்படுத்தினார்கள். பராமரித்தவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது.

மனம் ஓயாமல் பதறும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியை முடுக்கும், அது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியை முடுக்கும், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். காயம் ஆறுவது லேசான வீக்கத்தில்தான் தொடங்குகிறது. அங்கே வெள்ளை அணுக்களை வரவழைக்கும் புரதங்களைக் கார்ட்டிசால் அடக்கிவிடுகிறது. நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸிலும் இந்தக் கார்ட்டிசால் வேலை செய்யும். அதோடு தூக்கமும் கெட்டால் வைத்த இடம் மறக்கத்தான் செய்யும். மாமியாரின் நோய் உங்களுக்குத் தொற்றாது. தூக்கம் சரியானால் இந்த மறதி பெரும்பாலும் குறைந்துவிடும்; குறையாவிட்டால் காட்டுங்கள்.

குன்னூரில் என்னிடம் வரும் குடும்பங்களில், நோயாளியைவிட அழைத்துவரும் மருமகள்தான் பல நேரம் வாடியிருக்கிறார். அவரிடம் "நீ தூங்கினாயா?" என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். வாரத்தில் சில ராத்திரியாவது கணவரோ நாத்தனாரோ பார்த்துக்கொள்ளட்டும். உதவி என்று கெஞ்சாதீர்கள், முறை போட்டுக் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுங்கள்.

மாமியார் ராத்திரி எழுவதற்கும் காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மூட்டுவலி, மலச்சிக்கல், பகலில் நீளத் தூங்குவது எதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்டால் சரிசெய்யக் கூடியவைதான். காலையில் பனிமூட்டம் விலகியதும் அவரை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். மதியத் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம்.